பொய்க்கு நிரம்புற கிளாஸ்

வளைகுடாவுல குதைபியாங்கிற ஏரியாவுல ஒரு சின்ன ஹோட்டலோட மாடியில பப் ஒண்ணு இருக்கு, அங்க குடிச்சிட்டு பொய்யா நல்லாருக்குன்னு சொன்னா காலி கிளாஸ் தானா நிரம்பிக்கும். லிஃப்ட் ரெண்டாவது மாடியில ஒரு தடவ குலுங்கும், பாத்ரூம் கதவ தூக்கி சாத்தணும், கிளாஸ் நிரம்பும், எல்லாம் ஒரே லிஸ்ட்ல வர்ற விஷயம். மொத்தமே எட்டு ஸ்டூல், ஒரு டிவி, மரக் கவுண்டர், அதுல பித்தளப் பிடி வெச்ச கை பம்ப். அந்த பம்புல வர்றது ஏல். நம்ம ஆளுங்க குடிக்கிற ஜில்லுன்னு நுரை பொங்குற பியர் இல்ல அது. வெள்ளக்காரங்களோட பழைய வகை, கேஸ் கம்மி, கசப்பு ஜாஸ்தி, மண்பானத் தண்ணி குளுமையில குடிக்கணும். பம்ப இழுத்து ஊத்துறவரு அரியரத்தினம், சுன்னாகத்துக்காரரு, பத்தொம்பது வருஷமா அதே கவுண்டர்தான். குடிச்சு முடிச்சா எப்படி இருந்துச்சுன்னு அவருகிட்ட சொல்லணும், கிளாஸ்ல மிச்சம் வெச்சிட்டு எந்திரிக்கக் கூடாது, இது அங்க வழக்கம். அப்ப ஓசியிலயே குடிக்கலாமேன்னு ஒரு செட்டு கெளம்பி வந்து வரிசையா பொய் சொல்லிப் பாத்துச்சு. நிரம்புற ஒவ்வொரு கிளாஸும் முந்தினத விட கொஞ்சம் கூடுதலா கசந்துச்சு. நாலாவதுலயே உண்மைய சொல்லிட்டு ஓடிட்டாங்க.

அருள்முருகன் ஜெயங்கொண்டத்துப் பையன், ஏசி மெக்கானிக். எத சாப்பிட்டாலும் ரூம் குரூப்புல வாய்ஸ் நோட் போட்டு மார்க் குடுக்குறவன், அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மாடி ஏறுனான். மொத வாய் வேப்பிலைய கசக்கி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஆனா கையால ஊத்திக் குடுத்த மனுஷன் மூஞ்சப் பாத்துட்டு எப்படி சொல்றது? ஊர்ல ஒருத்தர் வீட்ல உப்பே போடாத கொழம்ப ஊத்துனாலும் இவன் நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குற ஆளு. அதனால சூப்பர்ண்ணேன்னான். கிளாஸ் நிரம்புச்சு. குடிச்சான், சூப்பர்ண்ணேன்னான், திரும்பவும் நிரம்புச்சு. பக்கத்து ஸ்டூல்காரரு டிவியில இருந்து கண்ண எடுக்காமயே, தம்பிக்கு இன்னைக்கு டின்னர் வேணாம் போலன்னாரு. மூணாவது முடிஞ்சதும் அருள் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சிருங்கண்ணே, கசக்குது, சூடா வேற இருக்குது, வாய்ல வெக்க முடியல."

கிளாஸ் காலியாவே இருந்துச்சு. அரியரத்தினம் மொத தடவையா சிரிச்சாரு. "இப்பத்தான் தம்பி நீர் கதைக்கிறீர்."

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறல. அந்தக் கசப்பு நாக்குல ஒட்டிக்கிச்சு. பீப்பாய ஒரு நாள் முன்னாடியே தொறந்துட்டீங்களான்னு கேக்குற அளவுக்கு வந்துட்டான், அவரும் ஆமான்னு ஒத்துக்குவாரு. ரூம் குரூப்புல அவன் வாய்ஸ் நோட்ட யாரும் கேக்குறதில்ல, அது வேற விஷயம்.

போன ஜூலையில ஹோட்டலுக்கு புது மேனேஜரா முகம்மது யூசுப் வந்தாரு, கோழிக்கோட்டுக்காரரு, சொட்டு குடிக்க மாட்டாரு. பம்ப தூக்கிட்டு அங்க ஷீஷா, அதான் ஹூக்கா, போடலாம்னு முதலாளிக்கு ஒரு யோசனை. பம்ப் போனா அரியரத்தினத்துக்கு வேல இல்ல, விசா கேன்சல், ஐம்பத்தெட்டு வயசுல வேற எவன் விசா குடுப்பான்? யூசுப்பு நியாயமான மனுஷன். சரக்க பத்தி எனக்குத் தெரியாது, கிளாஸுக்குத் தெரியும்ல, வெள்ளிக்கிழமை வர்றேன், ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லி கிளாஸ் காலியா நின்னா பம்ப் இருக்கட்டும்னாரு. சொல்றதுக்கு அருளத்தான் கை காட்டுனாரு.

அந்த வாரம் பாத்து பீப்பா ரூம் ஏசி, கோல்டு ஸ்டோரேஜுக்குப் போடுற வகை, மக்கர் பண்ணுச்சு. அருள் டூட்டி முடிச்சுட்டு வந்து காசு வாங்காம சரி பண்ணான். பன்னெண்டு டிகிரியில வைக்கச் சொன்னாரு அரியரத்தினம். இவன் அண்ணனுக்கு ஒரு நல்லது பண்ணுவோம்னு, சொல்லாமலேயே மூணுல வெச்சுட்டான். வெளிய நாப்பத்தாறு டிகிரியில தகரக் கூரை மேல நின்னு வேல பாக்குறவனுக்கு ஜில்லுன்னு இருக்குறதுதான் ஒசத்தி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யூசுப்பு ஒரு கப்பு சுலைமானி டீய கையில வெச்சுக்கிட்டு வந்து ஒக்காந்தாரு. இத குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாக்குறேன்னாரு. அரியரத்தினம் ஊத்துனாரு. கிளாஸுக்கு வெளிய வேர்த்து ஒழுகுச்சு. அதப் பாத்தாரு, அருளப் பாத்தாரு. அருள் குடிச்சான். சப்புன்னு இருந்துச்சு. குளிரு கசப்ப மொத்தமா தின்னுட்டு வெறும் தண்ணிய விட்டு வெச்சிருந்துச்சு. தப்பு யாரோடதுன்னு அவனுக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. உண்மைய சொன்னா பம்ப் போச்சு. வேற வழி தெரியாம நல்லாருக்குன்னான், கிளாஸ் நிரம்புச்சு. யூசுப்பு டீய ஒரு வாய் உறிஞ்சாரு.

ரெண்டாவதுல லேசா ஒரு கசப்பு எட்டிப் பாத்துச்சு. மூணாவதுல இன்னும் கொஞ்சம். அப்பதான் அருளுக்கு பொறி தட்டுச்சு. நல்லாருக்குன்னான், நிரம்புச்சு. நல்லாருக்குன்னான், நிரம்புச்சு. நீர் ஏன் தம்பி உம்மையே கெடுக்கிறீர், விடும்னாரு அரியரத்தினம். இவன் ஸ்டூல கெட்டியா புடிச்சுக்கிட்டு அஞ்சாவதையும் எறக்குனான். யூசுப்பு கப்புல ஒரு வாய்தான் மிச்சம். ஆறாவத மெதுவா குடிச்சான். மொத நாள் அவன் மூஞ்ச சுளிக்க வெச்ச அதே கசப்பு, குளுரும் விட்டுப்போயி, தொண்டையில நிக்குற மாதிரி, அப்படியே.

"நல்லாருக்குண்ணே."

கிளாஸ் காலியா நின்னுச்சு. எட்டு ஸ்டூலும் டிவிய விட்டுட்டு அதையே பாத்துச்சு. யூசுப்பு குனிஞ்சு கிளாஸுக்குள்ள ஒரு தடவ பாத்தாரு, கடைசி வாய் டீய குடிச்சாரு, கலாஸ், முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. பம்ப் அங்கதான் இருக்கு. விசாவும் புதுப்பிச்சாச்சு.

பீப்பா ரூம் ரிமோட்ட இப்ப அரியரத்தினம் சட்டைப் பாக்கெட்ல வெச்சிருக்காரு, அருளு கேட்டாலும் தர்றதில்ல. என்னைக்காவது ஏல் கொஞ்சம் சப்புன்னு வந்தா அருள் ரெண்டு பொய் சொல்லி சரி பண்ணிக்கிறான். கிளாஸ் நிரம்புது, குடிக்கிறான். பக்கத்து ஸ்டூல்காரரு டிவியில ஸ்கோர் பாத்துட்டு இருக்காரு.