பேதிக்காரர், பல்லுக்காரர், பெரியம்மா

பெரியப்பாவின் அலமாரியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இந்த வருஷம்தான். காரணம் தூசி இல்லை. அந்தப் புத்தகங்களுக்குள் இருந்த மனிதர்கள்.

பெரியப்பா ஆங்கில வாத்தியாராக இருந்தவர். அவர் விட்டுப்போன அலமாரி நிறைய பழைய ஆங்கில எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள். அவர்கள் எழுதிய கதை, கவிதை ஒன்றுகூட அதில் இல்லை. அவற்றை மாணவர்கள் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. வாழ்க்கை வரலாற்றை யாரும் கேட்கவே இல்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பாடம் வரும். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "வீட்டுல உக்காந்து சுவத்தையே பாக்குறதுக்கு, அக்கா வீட்டுல போய் ஒத்தாசையா இரு" என்று அம்மா பெரியம்மாவிடம் அனுப்பிவைத்தாள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கண்ணும் மங்கிவிட்டது. அவள் மகன், அதாவது அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அண்ணி மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். இருவரும் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள்.

மத்தியானங்களில் பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் முகம் தெரியாததால் என் வாய் திறக்கும். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், விருது எதுவும் அவளுக்கு வேண்டாம். "அதை விடு. உடம்புக்கு என்ன வந்துச்சு, அதைப் படி" என்பாள்.

உடம்புக்கு எல்லாமே வந்திருந்தது. ஒவ்வொரு நாவலையும் கல்யாணத்தில் முடித்த ஒருவருக்குக் கடைசிப் பத்து வருஷமும் வயிற்றுப்போக்கு. பூக்களின் வாசனையைப் பற்றியே பாடிய ஒரு கவிஞருக்குப் பதினோரு சொத்தைப் பல். பிடுங்கிய பற்களை ஒரு தகர டப்பாவில் போட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்திருந்தாராம். அவருக்கு நிச்சயித்த பெண் பக்கத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். அதை 'மென்மையான கூச்சம்' என்று எழுதியிருக்கிறார் வரலாற்றாசிரியர். எனக்குக் குமட்டியது. பெரியம்மாவுக்கோ கொண்டாட்டம். அவர்களுக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

"இன்னைக்குப் பேதிக்காரரைப் படி. நேத்து எங்க விட்டோம்?"

"ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போனாராம். அதுல விட்டோம்."

"ஒன்பதா! பாவம்டி. அதுக்கு நடுவுல எப்படித்தான் கல்யாணக் கதை எழுதினாரோ?"

"உக்காந்துதான் பெரியம்மா."

அவள் சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டாள்.

ஒன்பது தடவை என்பது வெளியே தெரிந்ததற்குக் காரணம், அவர் வீட்டு வேலைக்காரி ரகசியமாக ஒரு நோட்டில் எழுதிவந்ததுதான். அவள் செத்த பிறகு அந்த நோட்டு வரலாற்றாசிரியர் கையில் சிக்கியது. அந்த ஆள் மலச்சட்டியின் மூடியையே திறந்து முகர்ந்து பார்த்தவர் போல நாலு அத்தியாயம் எழுதிவிட்டார். எனக்கு அவரைவிட வேலைக்காரி மேல்தான் கோபம் வந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள். இதை நான் எங்கே எழுதிவைத்தேன் என்றால், மெத்தைக்கு அடியில் இருந்த என் நோட்டில்.

அந்த நோட்டில் பெரியம்மாவின் காலும் இருந்தது.

புதுச் செருப்பு கடித்து அவளது இடது சுண்டுவிரலுக்கு அடியில் புண் வந்தது. வலியே தெரியவில்லை என்றாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் நான் கழுவித் துணி கட்டினேன். அதற்கு மேல் காலுறை போட்டுக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா பெரியம்மா?"

"சொன்னியோ, நான் உன் பெரியம்மாவே இல்ல. உங்க பெரியப்பாவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. காலை எடுத்தாங்க. ஆளே திரும்பலை. என் தலையில கைய வெச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஒரு வாரம் கழித்து வாடை வந்தது. பவுடர் கொட்டினோம். ஜன்னலைத் திறந்துவைத்தோம். சாயங்காலம் வந்த அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க, எங்கயோ எலி செத்துக் கிடக்கு!"

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அலமாரியை நகர்த்தி எலியைத் தேடினான். இருபது எழுத்தாளர்களையும் தரையில் அடுக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"எல்லாம் எங்கப்பா சேத்துவெச்ச குப்பை. இதுக்குள்ளதான் எங்கயோ நாறுது."

"ஆமாடா, அதுலதான்," என்றாள் பெரியம்மா, போர்வையை இழுத்துக் காலை மூடியபடி. "பல்லுக்காரரா இருக்கும்."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

மறுநாள் விரல் கறுத்தது. அதற்கு மூன்றாம் நாள் முற்பகலில் பெரியம்மாவுக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப்போட்டது. பேதிக்காரரைப் படிக்கச் சொன்னவள், பாதியிலேயே என்னை 'அம்மா' என்று கூப்பிட்டாள். நான் சத்தியத்தை மீறி அண்ணனுக்குப் போன் போட்டேன். "கால்" என்று மட்டும் சொன்னேன். அவன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலுறையை வெட்டி எடுத்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எலி கிடைத்துவிட்டது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"நேத்துதான் டாக்டர்," என்றாள் பெரியம்மா.

"நேத்து ஆரம்பிச்சு அதுக்குள்ள இவ்வளவு தூரம் ஏறியிருந்தா நான் காத்திருக்க முடியாது. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். மெதுவா வந்ததுன்னா விரலோட நிறுத்திப் பாக்கலாம்."

"ஐயோ, இல்லம்மா! ஒரு மாசமா இருக்கு. ரெண்டு மாசம்!"

"பயத்துல மாத்திச் சொல்றீங்க. வீட்டுல யாருக்காவது சரியாத் தெரியுமா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் என்னைப் பார்க்க, என் நாக்கு பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கிளம்பும்போது மாற்றுத்துணியோடு நோட்டையும் பையில் திணித்திருந்தேன். வீட்டில் விட்டால் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம்தான். அதை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

நர்ஸ் குறித்துக்கொள்வதற்காக அவர் சத்தமாகவே படித்தார். "மூணாம் தேதி. அவரை விதை அளவு புண். சிவப்பு. எட்டாம் தேதி. ஓரம் வெள்ளை, நடுவில் மஞ்சள். பதினொண்ணு. வாடை ஆரம்பம். பதினாலு, ஞாயிறு. அண்ணி எலி தேடச் சொன்னாள். நாற்றம் அவள் மூக்குக்கு எட்டுகிறது, மூளைக்கு எட்டவில்லை."

நர்ஸின் பேனா நின்றது. டாக்டரம்மா தொண்டையைச் செருமிவிட்டு, தேதியைத் தேடி அடுத்த பத்தியைப் பிடித்தார். வாசித்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. "பதினஞ்சு. நுனி கறுத்துவிட்டது. பெரியம்மாவின் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறேன். அவளைத் தொட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. செத்த பல்லுக்காரர்களைவிட உயிரோடு இருக்கிற இவள்..."

அங்கே நிறுத்தி, மீதியை மனசுக்குள் படித்தார். பெரியம்மா எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நாளா வளர்ந்திருக்கு. கறுத்து மூணு நாள்," என்றார் டாக்டரம்மா. "விரலோட நிறுத்திப் பாக்கலாம்." பிறகு நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். அதற்குள் அண்ணி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. ஆபரேஷன் நடந்த இரண்டு மணி நேரமும் அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒவ்வொரு பக்கமும் புரளும் சத்தம் எனக்குக் கேட்டது. புத்தகத்தில் இருந்தவர்கள் மேல் இத்தனை மாதம் நான் காட்டிய அருவருப்பெல்லாம் சட்டைக்குள் புகுந்து என் தோலில் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. படித்து முடித்ததும் அண்ணி நோட்டை என் மடியில் எறிந்தாள். "நல்லா எழுதுற. இனிமே எங்கிட்ட பேசாதே," என்றாள்.

மூன்றாம் நாள் என்னை வார்டுக்குள் விட்டார்கள். நர்ஸ் கட்டுப் பிரிக்கும் நேரம். நான் சுவரோரமாக நின்றேன்.

"அங்க என்ன ஒட்டிக்கிட்டு நிக்குற?" என்றாள் பெரியம்மா. "கிட்ட வா."

போனேன். மங்கிய கண்ணால் நேராக என் முகத்தையே பார்த்தாள். மத்தியானங்களில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"மூச்சை விடு."

விட்டேன். வேறு வழியில்லாமல் மறுபடி இழுத்தேன். மருந்து வாடை, அதற்கடியில் ரத்தம், அதற்கும் அடியில் பழைய இறைச்சி. கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி இருக்கு? நோட்டுல வேண்டாம். வாயால சொல்லு."

நர்ஸ் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாறுது பெரியம்மா," என்றேன்.

"தெரியும்டி," என்றாள். "எனக்கும் குமட்டிக்கிட்டுத்தான் வருது. அந்த வாந்திப் பாத்திரத்தை இங்க நகர்த்து."