அறிவித்தலில் ஒரு பெயர்

அறுபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது குரோனர். கறுப்புக் கோட்டின் உள்பையில் நாலாய் மடித்துக் கிடந்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடைசி வரியாக அந்தத் தொகை இருந்தது. சிவகாமி அதைத் தேடவில்லை. சவப்பெட்டிக்குள் கிடத்தும்போது புருசன் குகதாசனுக்கு எந்தக் கோட்டைப் போடுவது என்று அலுமாரிக்குள் கைவிட்டுத் தடவியவளுக்கு அதுவாக வந்து அகப்பட்டது.

மேலே முதல் வரியில் குகதாசனின் கோணல் எழுத்து: மகேந்திரராசா, ஏஜென்சிக்கு, 87,400. அதன் கீழே, திருப்பித் தந்த காசை ஐந்நூறும் ஆயிரமுமாகக் கழித்துக்கொண்டே வந்திருந்தது மனிசன்.

மகேந்திரராசா அவளுடைய தம்பி. யாழ்ப்பாணத்தில் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தவன். காணாமல் போனவர்களின் பெயர்களை ஒரு கிழமை ஊர் ஊராகப் போட்டான். அடுத்த கிழமை அவனையே தேடி மோட்டார்சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். அத்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டி எடுத்துவிட, நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்து, அகதி முகாமில் எட்டு மாதம் கிடந்து, வழக்கு ஒரு முடிவும் இல்லாமல் இழுபட, இப்போது எல்லிங்ஸ்ருட்டில் அக்கா வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறான். விடியற்காலையில் அத்தானுக்குத் துணையாகப் பேப்பர் போடப் போவான்.

"நீ பேப்பரிலை எழுதினனீ, நான் பேப்பரைப் போடுறன். ரெண்டு பேருக்கும் பேப்பர்தானடாப்பா சோறு," என்று படியேறும்போது இளைக்க இளைக்கப் பகிடி விடுவானாம் குகதாசன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிப் படியில் களைக்குது என்று இருந்தவன்தான். பிறகு எழும்பவில்லை. கீழே தள்ளுவண்டியில் இருபத்தொரு பேப்பர் மிச்சம் கிடந்தது.

இன்றைக்கு வியாழன். மகள் சுஜானி செத்தவீட்டு அலுவல் பார்க்கிற கந்தோரில் உடுப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மகேந்திரராசா குசினி மேசையில் குனிந்து அத்தானுடைய மரண அறிவித்தலை எழுதினான். ஒரு மணிக்கு முதல் பக்ஸில் அனுப்பினால்தான் நாளைய யாழ்ப்பாணப் பேப்பரில் வரும்.

டெலிபோனில் சிவகாமியோடு, கனடாவிலிருந்து குகதாசனின் தமையன் சண்முகலிங்கம்.

"ஒரு பேரும் விடுபடக்கூடாது பிள்ளை. அடைப்புக்குறிக்குள்ளை நாடும் போடோணும். மகேந்திரராசா, நோர்வே. காசு கட்டி எடுத்துவிட்டவன்ரை சாவிலை அவன்ரை பேர் இல்லையெண்டால் சனம் காறித் துப்பும்."

"அண்ணை, நோர்வே எண்டு போடேலாது. அங்கை நேசமணி தனிய..."

நேசமணி சிவகாமிக்கும் தம்பிக்கும் நடுவிலாள். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறாள். மோட்டார்சைக்கிளில் வருகிறவர்களிடம், முந்தின வருச ஐப்பசிக்குப் பிறகு தம்பியின் மூச்சுப் பேச்சே இல்லை என்று நல்லூர் முருகனில் சத்தியம் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தாள். நோர்வே என்ற ஒரு சொல் பேப்பரில் விழுந்தால் அவள் பொய்க்காரி. அதற்குப் பிறகு மோட்டார்சைக்கிள் வெறுமையாகத் திரும்பாது.

"அப்ப என்ரை தம்பி என்ன, ஏமாளியோ?" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சிவகாமி கோட்டை மடியில் போட்டபடி இருந்தாள். எத்தனையோ வருசம் கந்தோர் நிலங்களைத் துடைத்து வீங்கின விரல்மொளிகளை ஒவ்வொன்றாகப் பிசைந்தாள்.

"பேர் வரும் அக்கா," என்று மகேந்திரராசா தாளை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு விரலை வரிக்குக் கீழே இழுத்துக்கொண்டே போனாள். சிவகாமியின் அன்புக் கணவரும். சுஜானியின் பாசமிகு தந்தையும். நேசமணி, காலஞ்சென்ற மகேந்திரராசா ஆகியோரின்... விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து கூட்டினாள்.

"இதென்னடா?"

"முகாமிலை என்ரை அறையிலை ஒரு பலஸ்தீனியன் இருந்தவன். அவனும் பேப்பர்க்காரன்தான். அவனைக் கேட்டுக் கேட்டுத் தாயின்ரை கதவை உடைச்சவங்களாம். ஒருநாள் மனிசி வாசல்லை பந்தலைப் போட்டு, வந்த சனத்துக்குக் கோப்பி ஊத்தி, மகன் செத்திட்டான் எண்டு சொல்லிப்போட்டுதாம். அண்டையோடை தேடுறது நிண்டிட்டுது."

"வாயைக் கழுவு. ஒரு சாவு காணாதே இந்த வீட்டுக்கு?"

அவன் பேனை மூடியைத் திருகினான்.

"நேசமணிக்குச் சொன்னனியோ?"

"கடைக்காரற்றை போனுக்கு எடுத்துக் கதைச்சனான். அப்ப ஆக்கள் வந்தால் நான் அழவேணுமோ எண்டு கேட்டவ."

"உன்ரை வழக்கு?"

"லோயரிட்டைச் சொல்லிப்போட்டன். அது பிரச்சினை இல்லையாம்."

"பிறகு எழுதுறது? உன்ரை பேரிலைதானே எழுதுறனீ?"

யன்னலுக்கு வெளியே பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"செத்தவன் எழுதுறேல்லையே அக்கா."

பதினெட்டு வருசமாக அச்சில் வந்த பெயர். அம்மா வெட்டி வெட்டி ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்திருந்த பெயர். சிவகாமிக்கு ஏதோ கேட்க வேண்டும்போல இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றுக்கு இருபது நிமிசம் இருந்தது.

"அனுப்பு," என்றாள்.

பக்ஸ் மிசின் தாளை விக்கி விக்கி உள்ளே இழுத்தது. அவன் அது முழுக்கப் போகும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரும்பியபோது அக்காவின் கையில் கலண்டர் தாள் இருந்தது.

"அக்கா, அது நான் அத்தானுக்குக் குடுக்கவேண்டிய..."

"இதைப் பிடி," என்று கோட்டை நீட்டினாள். "கழுத்தை இழுத்துப் பிடி, மடிப்பு விழுந்திருக்கு. பிள்ளை அங்கை பாத்துக்கொண்டிருக்கும்."

தாளைப் பழைய மடிப்புகளிலேயே நாலாய் மடித்தாள். எடுத்த உள்பைக்குள்ளேயே ஆழமாக விட்டாள். பையின் சின்னப் பொத்தான் அவளுடைய வீங்கின விரலுக்கு ரெண்டுதரம் வழுக்கியது. மூன்றாம்தரம் பூட்டிவிட்டாள்.

மகேந்திரராசா கோட்டின் கழுத்தை விரல் நுனி படாமல் புறங்கைகளால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். விடியத் தனியப் போட்ட பேப்பர்களின் மை விரல்களில் இன்னும் கழுவுப்படவில்லை.