பங்கு பிரிக்காத கம்பனி

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஸ்கந்தபுரத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு முதலீட்டுக் கம்பனி தொடங்கினார்கள். யோசனை யோகலிங்கத்தினுடையது. கொழும்பில் கணக்காளராக இருந்துவிட்டு வயல் செய்ய வந்தவர் அவர். மனைவி காலமாகி, பிள்ளைகள் நிருஷனும் சுதாஜினியும் கனடாவுக்குப் போன பிறகு, வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

கம்பனி தானாக எந்தத் தொழிலும் செய்யவில்லை. முதல் இல்லாமல் திண்டாடியவர்களின் தொழிலில் பணம் போட்டுப் பங்கு வாங்கியது. முதலில் புதுக்குடியிருப்பில் ஓர் அரிசி ஆலை. அதில் வந்த லாபத்தில் ஒரு சைக்கிள் கடை. பிறகு கடற்கரையில் மீன் பிடித்துக் காயவைக்கும் ஒரு கருவாட்டு வாடி. பங்காளிகளின் கைக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

யோகலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் நடந்த மூன்றாம் வருடக் கூட்டத்தில், பங்காளிகளில் ஒருத்தியான சுப்பம்மா வாய் திறந்தாள். மலையகத்திலிருந்து வந்து தோட்டம் செய்கிறவள் அவள்.

"ஐயா, இந்த வருசமாச்சும் எங்களுக்கு ஏதாவது குடுப்பீங்களா?"

"பிரிச்சால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும், சுப்பம்மா. அது செலவழிஞ்சு போயிடும். உள்ளுக்கே விட்டால் இன்னொரு தொழிலில போடலாம், உங்கட பங்கின்ர பெறுமதியும் ஏறும். அவசரமெண்டால் பங்கை வித்துக் காசாக்குங்கோ. தேவையில்லாத ஆக்களுக்கும் சேர்த்து ஏன் பிரிக்கவேணும்?" என்றார் யோகலிங்கம்.

இன்னொரு பங்காளியான பக்கத்து வயல்காரர் கணபதி மெல்லச் சிரித்தார். "உங்களுக்கென்ன அண்ணை, நீங்கள் பொறுக்கலாம். வீட்டில சோறு கேக்க ஆளில்லை."

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் யோகலிங்கம் எழுந்தார். தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய் வெகுநேரம் நின்றார்.

அந்த மாதமே சுப்பம்மா பங்கை விற்றாள். வாங்க வேறு யாரிடமும் காசில்லை. மகன் அனுப்பிய பணத்தில் யோகலிங்கமே வாங்கினார். அவள் போட்டதைப் போல இரண்டு மடங்கு கிடைத்தது. மகளின் கலியாணத்துக்காகக் கணபதி விற்றார். மற்ற இருவரும் வவுனியாவுக்குப் போவதற்காக விற்றார்கள். ஒருவருக்கும் அவர் குறைத்துக் கொடுக்கவில்லை. இரண்டாயிரத்தொன்றில் கம்பனி முழுவதும் அவருடையதாயிற்று. அவர் சொன்னபடி அது வளர்ந்தும் இருந்தது.

அந்த வருடம் கூட்ட நாள் வந்தபோது, பழக்கதோஷத்தில் விளக்குமாற்றை எடுத்து விறாந்தையைப் பெருக்கினார். பிறகு விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுப்பம்மா வீட்டுக்குப் போனார். பங்கு விற்ற காசில் வாங்கிய பசுக்கள் முற்றத்தில் நின்றன. பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"இந்த முறை லாபத்தைப் பிரிக்கப் போறன்," என்றார்.

"நான்தான் பங்க வித்துட்டேனே ஐயா. எனக்கு எதுக்குங்க?"

"பங்கை நீங்கள் முதலில போட்ட விலைக்கே திருப்பித் தாறன். காசைப் பிறகு பாப்பம். கூட்டத்துக்கு வந்தால் போதும்."

சுப்பம்மா முற்றத்துப் பசுக்களைத் திரும்பிப் பார்த்தாள். "பால் கறக்கிற நேரமுங்க அது. கோப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார். வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இருந்தார். அவள் வாளியை எடுத்ததும் எழுந்துவிட்டார்.

அந்த வருட லாபமும் பிரியவில்லை. வாடிக்காரன் புது வலை கேட்டிருந்தான். மறுநாள் போய்க் காசைக் கொடுத்தார். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், பெண்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு கதைப்பதைக் கேட்டபடி, வெயில் தாழும்வரை அங்கேயே நின்றார்.