மேசைக்கடியில் முப்பது காலர்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து வைத்திருக்கிறார் என் கணவர். கரண்டி அங்கே தொங்காவிட்டால் அதன் நிழல் மட்டும் தெரியும். எது காணாமல் போனது என்று தேட வேண்டியதே இல்லை. உப்பு ஜாடியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. உப்பு அதுவரை இறங்கிவிட்டால் வாங்க வேண்டும் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில், ஒரு தேநீர் போட நான் நாற்பத்திரண்டு அடி நடக்கிறேன் என்று எண்ணிச் சொன்னார். சர்க்கரையை அடுப்புப் பக்கம் மாற்றி, வடிகட்டியை ஆணியில் மாட்டி, அதைப் பதினேழு அடிக்குக் கொண்டுவந்தார்.

"மிச்ச இருபத்தஞ்சு அடியை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"என் பக்கத்துல வந்து உக்காரு" என்றார்.

அன்றைக்கு மயங்கியவள்தான் நான். என் அம்மா வந்திருந்தபோது சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உன் புருஷன் உனக்கும் எங்கேயாவது கோடு போட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். நான் சிரித்தேனே தவிர, எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன. என் கால் வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் மனிதர் அவர்.

இருவருக்கும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் வேலை. அவர் மேம்பாட்டுப் பிரிவில். எந்த வேலையில் எத்தனை விநாடி வீணாகிறது என்று பார்த்து அதைக் குறைப்பது அவர் தொழில். எங்கள் வரிசைப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'செகண்டு சார்'. செகண்டு சாருக்கு நீதானே ஃபர்ஸ்ட் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். நான் காலர் வரிசையில் மேல் தையல் போடுகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு கேள்வி கேட்பார். இந்த வாரம் உனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று. பிறந்த வீட்டில் கஷ்டம் என்று வாயைத் திறந்தால் 'உனக்கு மட்டுமா?' என்பதுதான் பதில். இவர் அப்படியில்லை. ஆளைக் குறை சொல்லக் கூடாது, வேலை அமைந்திருக்கிற விதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அதனால் நான் எல்லாவற்றையும் சொல்வேன். பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம், என் கழுத்து வலி, சூபர்வைசரின் முகம், எல்லாவற்றையும்.

குண்டூசி அக்காவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னேன்.

வரிசையில் எனக்கு முந்தைய மேசை அக்காவுடையது. சட்டை ஓரத்தில் எப்போதும் நாலு குண்டூசி குத்தியிருப்பார். அதனால் அந்தப் பெயர். உள்புறமாகத் தைத்து வரும் காலரை வெளிப்புறமாகத் திருப்பி, இரண்டு முனைகளையும் கூராகத் தள்ளி எடுப்பது அக்காவின் வேலை. இருபது வருஷமாகக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, அந்த விரலின் மூட்டு பருத்துப் போயிருந்தது. எங்கள் கல்யாணமே அக்காவால் நடந்ததுதான். "உற்பத்திக் கணக்கு போர்டைப் பார்க்கிற சாக்குல எத்தனை நாள் பொண்ணைப் பார்ப்பே தம்பி? வீட்டுக்குப் போய்க் கேளு" என்று இவரிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

ஒரு மணி நேரத்துக்கு எண்பது காலர் என்பது இலக்கு. காலையில் அக்கா எண்பதைச் சுலபமாகத் தாண்டுவார். நாலு மணிக்கு மேல் விரல் மடங்காது, அறுபத்தைந்துக்கு இறங்கிவிடும். ஆறு மணிக்குள் முப்பது குறையும். அந்த முப்பதை நாங்கள் ஏழு பேர் காலையிலேயே ஈடுகட்டிவிடுவோம். மணி அடிக்கும் முன் ஆளுக்கு இரண்டு, தேநீர் இடைவேளையில் ஆளுக்கு இரண்டு, மிச்சத்தை அக்காவே. திருப்பிய காலர்கள் ஒரு துணிப்பைக்குள் போய், என் மேசைக்கடியில் குறுக்குக் கட்டை மேல் உட்காரும். அந்தப் பைக்கு நாங்கள் வைத்த பெயர் குழந்தை. சூபர்வைசர் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராது. நாலு மணி ஆனால் அயர்ன் போடுகிற பெண் "குழந்தை எழுந்திருச்சா?" என்பாள். பை காலியாகிவிட்டால் "பசிக்குதுடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்தது. அக்காவின் விரலைப் பற்றி நிர்வாகத்துக்குத் தெரியாது.

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். குழந்தையா என்று இரண்டு தடவை கேட்டார். நோட்டில் எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, வருடாந்திர மேம்பாட்டுக் கூட்டம். உணவுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் மேனேஜர்கள், பின்னால் நாங்கள். என் கணவர் மேடையில் நின்றார். நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. திரையில் ஒரு படம் வந்தது. என் மேசை, என் நாற்காலிக் கால், குறுக்குக் கட்டை மேல் அந்தத் துணிப்பை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

ஒளித்துவைத்த கையிருப்பு நோயை மறைக்கும் போர்வை மாதிரி என்றார். மூன்று வருஷமாக இந்த வரிசையின் உண்மையான வேகம் யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான் என்றார். பிறகு சொன்னார்: "இதுக்கு அந்த வரிசையில ஒரு பேரு இருக்கு. குழந்தை." சிரிப்பு வரும் என்று தெரிந்து ஒரு கணம் நிறுத்தியிருந்தார். மேனேஜர்கள் சிரித்தார்கள்.

ஆறு தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த வார்த்தை எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போயிருக்கும் என்பதற்குச் சாட்சி தேவைப்படவில்லை. அக்கா மட்டும் திரும்பவில்லை. சட்டை ஓரத்துக் குண்டூசி ஒன்றை எடுத்து, அதே இடத்தில் மறுபடி குத்திக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் கேட்கும் முன்பே விளக்க ஆரம்பித்தார். இதெல்லாம் அக்காவின் நல்லதுக்குத்தானாம். கஷ்டத்தை ஒளித்தால் யாரும் சரிசெய்ய மாட்டார்கள், வெளியே தெரிந்தால்தான் வழி பிறக்கும். காலர் முனை திருப்ப ஒரு சின்ன மெஷின் வரப்போகிறது. அக்கா கட்டைவிரலை உபயோகிக்கவே வேண்டாம். மேம்பாட்டால் யாருக்கும் வேலை போகாது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

"விரலைப் பத்தியும் எழுதினீங்களா?"

"எழுதினாத்தானே மெஷின் கேக்க முடியும்?"

மூன்று வருஷம் மூடிவைத்த விரல். அதை எங்கள் ஏழு பேரிடம் மட்டும் அக்கா நம்பிக் காட்டியிருந்தார். என் கலக்கத்தைப் பார்த்து அவரும் இறங்கி வந்தார். சனிக்கிழமை ஆள் மாற்றப் பட்டியல் வரும், அதற்குள் மேனேஜரிடம் பேசி அந்த மெஷினில் அக்காவையே உட்கார வைப்பது தன் பொறுப்பு என்றார். என் கையைப் பிடித்துத்தான் சொன்னார். நம்பினேன். நம்பாமல் எங்கே போவது?

வியாழனும் வெள்ளியும் வரிசையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் வந்தால் பேச்சு நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு மேசையில் எனக்கு இடம் இருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஒரு நாற்காலி தள்ளிப் போனது. அயர்ன் போடுகிற பெண் மட்டும் ஒரு தடவை, "தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. இங்க தவளை நல்லாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாலு மணிக்கு மேல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். போர்டில் எங்கள் வரிசையின் கணக்கு சிவப்பில் வந்தது.

வெள்ளி மாலை அவரிடம் கேட்டேன். மேனேஜரிடம் பேசிவிட்டதாகவும், பார்க்கிறேன் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். புது மெஷினுக்குப் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண். குண்டூசி அக்கா அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி கட்டித் தூக்கும் வேலை. காரணம் என்ற கட்டத்தில் 'விரல் குறைபாடு, நுண்வேலைக்குத் தகுதியில்லை' என்று இருந்தது. யாருக்கும் வேலை போகவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. அடியில் பரிந்துரைத்தவர் கையெழுத்து. சமையலறையில் உப்பு ஜாடிக்குக் கோடு போடும் அதே கை. பக்கத்தில் தேதி: வியாழன்.

வெள்ளிக்கிழமை என் கண்ணைப் பார்த்தபோது அவர் கையெழுத்துப் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

சாயங்காலம் அக்கா தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவள் வந்து உட்காரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற பிறவி. நான் போய் நின்றேன்.

"நான்தான் சொன்னேன் அக்கா."

"தெரியும். புருஷன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்வே? அதுல உன்மேல தப்பில்ல."

"விரல் ரொம்ப வலிக்குதா?"

அக்கா துணியை மடித்து வைத்தார். "இனிமே உன் முன்னாடி எனக்கு எதுவும் வலிக்காதும்மா" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தேதியைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மேனேஜரிடம் பேசத்தான் போனாராம். பேச ஆரம்பிக்கும் முன்பே பட்டியலை நீட்டினார்களாம். கையெழுத்துப் போடாவிட்டால் மெஷின் வராது, இரண்டு வருஷத் திட்டம் அப்படியே நின்றுவிடும். ஒரு ஆளுக்காக எட்டு வரிசைக்கு வரும் நன்மையை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். மேனேஜர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றும் சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

பிறகு பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தார். எந்தச் சிக்கல் வந்தாலும் 'ஏன்?' என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால் வேர் தெரியும் என்பது அவர்கள் முறை.

"சரி, நிதானமாப் பார்ப்போம். உனக்குக் கோபம் அக்காவை மாத்தினதுலயா, நான் சொல்லாததுலயா? ஏன்?"

"நோட்டை மூடுங்க."

மூடினார்.

"கஷ்டத்தை ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு மேடையேறிப் பாடம் நடத்துனீங்க. நாங்க ஒளிச்சது முப்பது காலர். ஒரு அக்காவுக்காக. நீங்க ஒளிச்சது எதுக்காக?"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"நான் வருத்தப்படாம இருக்க இல்ல. நான் தடுத்துடக் கூடாதுன்னு."

அவரே எழுந்து தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கெட்டவன் கையால் குத்துப்பட்டால் ஊரைக் கூட்டலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை நாள் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை புது மெஷின் ஓட ஆரம்பித்தது. வேகம் மாறியதால் வரிசை முழுக்க மறுபடி நேரம் எடுக்க என் கணவர் வந்தார். கையில் கடிகாரம், அட்டையில் செருகிய காகிதம்.

நேரம் எடுக்கிறவர் பின்னால் வந்து நின்றால் எந்தத் தையல்காரியின் கையும் கொஞ்சம் மெதுவாகும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்றைக்குக் காட்டுகிற வேகம் நாளைக்கு இலக்காக வந்து தலையில் உட்காரும் என்பது எல்லோருக்கும் தெரியும். துணியை ஒரு தடவை கூடுதலாக நீவுவார்கள். அறுந்திராத நூலை இழுத்துப் பார்ப்பார்கள். நான் மட்டும் அவரிடம் அப்படிச் செய்ததில்லை. ஒரு காலருக்கு நாற்பத்தொரு விநாடி என்பது என் கை. அதை அவருக்கு அப்படியே கொடுப்பேன். புருஷன் பின்னால் நின்றால் இவளுக்குக் கை பறக்கிறது என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

என் மேசைக்கு வந்தார். "ஆரம்பிக்கலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

காலரை எடுத்தேன். நேராக இருந்த ஓரத்தை நேராக்கினேன். முனையில் ஊசியை நிறுத்தி, காலை மிதியிலிருந்து எடுத்து, துணியைத் திருப்பி, மறுபடி மிதித்தேன். நூலை வெட்டுமுன் ஒரு முறை நீவினேன். அயர்ன் போடுகிற பெண் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் கையையே பார்த்தாள்.

அவரும்தான். நான்கு வருஷமாக அந்தக் கையை அறிந்தவர். கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுதாமல் நின்றார்.

"ஐம்பத்திரண்டு" என்றார். "உடம்பு சரியில்லையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

இன்னும் நான்கு காலர் எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து தடவை பார்ப்பது விதி. அவர் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நான் அடுத்ததை எடுத்து, அதன் ஓரத்தையும் நீவ ஆரம்பித்தேன்.