கை நனைக்க வந்தவர்கள்

பொங்கலன்று காலையில் என் சம்பந்தியம்மாள் முதல்முறையாக எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து! என் மகள் சுடர்விழிக்கு ஏழு மாதம் என்ற பிறகுதான் அந்தக் கால்களுக்கு எங்கள் தெருவுக்கு வழி தெரிந்திருக்கிறது.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று நானும் என் வீட்டுக்காரர் வீரையனும் கைகூப்பினோம். பிரகதாம்பாள் உதட்டோடு சிரித்தார். அவர் கணவர் அமிர்தலிங்கம் செருப்பைக் கழற்றும்போதே, "அடேயப்பா, வாசனை தூக்குதே" என்றார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். மனுஷன் வாயை மூடிக்கொண்டார்.

மறைப்பானேன், அவர்கள் மேலத்தெரு, நாங்கள் காலனி. என் மாமனார் அந்த மாதிரி ஒரு வீட்டில் பண்ணையாளாக இருந்து, கொல்லைப்புறத்தில் நின்று கையேந்திக் கஞ்சி குடித்தவர். இன்றைக்கு எங்களுக்கென்று நிலம் இருக்கிறது. மகன் அன்பரசன் இன்ஜினீயர். சுடர்விழியும் மாப்பிள்ளை பிரபுவும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இருந்தும் எனக்கு அன்றைக்கு ஒரே கவலை. இந்த அம்மாள் என் வீட்டில் கை நனைப்பாரா? சம்பந்தி வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டால்தான் உறவு. சாப்பிடாமல் எழுந்து போனால், பிறக்கப்போகிற பிள்ளை மட்டும் வேண்டும், நாங்கள் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

விடிந்ததிலிருந்து அடுப்படியில் என் கை ஒரு நிலையில் இல்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மருமகள் தஹ்மீனா, "மாமி, சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பு போட்டுட்டீங்க" என்றாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வருஷக்கணக்காக ஆக்கிப் போடுகிறவள் நான். என் கைக்கே உப்புக் கணக்கு மறந்து போயிற்று.

அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை காரின் டிக்கியைத் திறந்து, பெரிய பெரிய ஹாட்பாக்ஸ்களாக இறக்கினார்.

"அத்தை, இத்தனை பேருக்கு நீங்க கஷ்டப்பட வேணாம்னு மன்னார்குடி ஓட்டல்ல சாப்பாடு சொல்லிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. சுருக்கென்றது.

"ஏன் மாப்பிள்ளை, என் வீட்டு அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

சுடர்விழி ஓடி வந்து என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடும்மா. அவங்க இங்க வந்து உக்காந்தாலே பெருசு. எனக்காகம்மா."

"நாளைக்கு உன் புள்ளைக்கு நான் ஒரு வாய் சோறு ஊட்டினா? அப்பவும் விட்டுடணுமாடி?"

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்ன செய்வது, பெற்ற மனம். வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தேன்.

வருஷத்துக்கு வருஷம் எங்கள் குடும்பம் பெருத்துக்கொண்டே போகிறது. கொழுந்தனார் பிள்ளைகள், நாத்தனார் மருமகன்கள், அவர்கள் குழந்தைகள் என்று கூடம் போதாமல் வாசல் பந்தலிலும் பாய் விரித்திருந்தோம். அத்தனை பேர் கண்ணும் பிரகதாம்பாளின் இலையில்தான் இருந்தது. ஓட்டல் சாப்பாட்டைத்தான் சம்பந்திகளுக்குப் பரிமாறினோம். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். பாயாசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் நாத்தனார் என் காதோரம் வந்து, "அண்ணி, சம்பந்தி கை நனைச்சுட்டாங்க!" என்று பூரித்துப் போனாள்.

"ஆமா, மன்னார்குடியில நனைச்சாங்க" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காலையில் வாசலில் பொங்கின பானையைத் தூக்கிக்கொண்டு, கரண்டியோடு அவர் இலைக்கு எதிரே போய் நின்றேன்.

"சம்பந்தி, இது இந்த வீட்டு அடுப்புல ஆனது. எங்க வயல்ல விளைஞ்ச அரிசி. வைக்கட்டுமா?"

அவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டினார்.

"வேணாங்க. எனக்கு சுகர் இருக்கு."

"பாயாசத்துல சீனி போட மறந்துட்டாங்களாக்கும்?"

"அம்சம்!" என்று என் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லி அதட்டினார்.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சுடர்விழி மாமியாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இலையிலிருந்த ஓட்டல் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

"எனக்கு வைம்மா" என்றாள். "அத்தை, தலைப் பிரசவம் இந்த வீட்லதான். உங்க பேரப்புள்ளைக்கு இந்த அடுப்புச் சோத்துலதான் பால் ஊறப்போவுது. புள்ளையத் தூக்க வரும்போதும் ஹாட்பாக்ஸோடதான் வருவீங்களா?"

பிரகதாம்பாள் பாதி இலையில் எழுந்துவிட்டார். விருந்தாளி எழுந்தால் கைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியது நான்தானே. மகள் இலையில் ஒரு கரண்டி வைத்துப் பானையை அங்கேயே இறக்கிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கையை நீட்டியபடி, மெல்லிய குரலில் அவர் சொன்னார்:

"எங்க மாமியார் இருந்திருந்தா, நான் இந்தப் படி ஏறினதுக்கே என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க."

"அவங்க போய்ச் சேந்து எத்தனை வருஷமாச்சு?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"அப்புறம் யாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கீங்க?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேரே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. என் வாய்க்கொழுப்பால் மகள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனோ என்று கூடத்துக்குத் திரும்பி வந்து பானைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

"அத்தை, எனக்கும் வைங்க" என்றது ஒரு குரல். மாப்பிள்ளைதான். முகமெல்லாம் சிவந்திருந்தது. வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் நீளமாக அடித்தது. நான் வைத்த பொங்கலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அமிர்தலிங்கம் இலையை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கும்தாங்க. எவ்வளவு நேரம் வாசனையை மட்டும் புடிச்சுக்கிட்டு இருக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை. ஹாரன் நின்றுபோனது. வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்கூடச் சாப்பிடாமல் காரைப் பார்த்தார்கள். கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

பிரகதாம்பாள் வந்து நிலைப்படியில் நின்றார். மகனைப் பார்த்தார், அவன் இலையைப் பார்த்தார், சுடர்விழியின் வயிற்றைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. நான் பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"சுகர் இருக்கு" என்றார், இலையைப் பார்த்தபடி. "கொஞ்சமா வைங்க."

நான் கரண்டி நிறைய அள்ளி வைத்தேன்.