உப்புப் போட்ட ஐஸ்

சிந்தாதிரிப்பேட்டையில் முப்பது வருஷமாக மீன் வியாபாரம் செய்துவரும் குலாம் முகம்மது, கெட்டுப்போகக்கூடிய பொருள் எதுவானாலும் ஐஸில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர். வெளியூர்ச் சரக்கென்றால் வெறும் ஐஸ் போதாது. உடைத்த ஐஸின் மேல் இரண்டு கை கல் உப்பைத் தூவி மூடினால் குளிர் இன்னும் இறுகும். வஞ்சரம் திருச்சி வரைக்கும் செவுள் சிவப்பு மாறாமல் போய்ச் சேரும். 2021 ஜூன் மாதம் மனைவியின் மருந்துக்கும் அவர் அப்படித்தான் பெட்டி கட்டினார்.

கமர் ஜஹானுக்குக் கொரோனா வந்து போன பத்தாம் நாள் இடது கன்னம் வீங்கியது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கருப்புப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த எலும்பைச் சுரண்டி எடுத்த பிறகு டாக்டர் சாருலதா குலாமைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“பாய், இதுக்குப் பழைய மருந்து ஒண்ணு இருக்கு. பூஞ்சையைக் கொல்லும், கிட்னியையும் அடிக்கும். இவங்களுக்குச் சர்க்கரையால கிட்னி ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. அதனால புது மாதிரி மருந்து வேணும். அதே மருந்துதான், ஆனா பொடிப்பொடிக் கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சிருப்பாங்க. தலைமுடியோட பருமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒவ்வொண்ணும். ரத்தத்துல போகும்போது மருந்து வெளிய வராது, பூஞ்சை இருக்குற இடத்துலதான் வரும். எங்ககிட்ட ஸ்டாக் இல்ல. நீங்கதான் தேடணும்.”

ஊரே அந்த மருந்தைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அலைந்த பின் தி.நகரில் மொத்த மருந்துக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையிடம் நான்கு நாளுக்கான குப்பிகள் கிடைத்தன. அவர் நீல நிறத்தில் ஒரு குளிர்ப் பையையும் எடுத்துக் கொடுத்தார்.

“இதுக்குள்ள வச்சுக் கொண்டு போங்க பாய். குளிர்ச்சி விட்டுப் போயிரக் கூடாது.”

“இன்னா அண்ணாச்சி, இந்தப் பையை நம்ம கடை நெத்திலிகூட நம்பாதே!”

குலாம் தன் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைத்துரை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அது சரி. மீன்காரருக்கு ஐஸைப் பத்தி நான் சொல்லணுமாக்கும்?”

மருந்து அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. வெள்ளைத்துரை அதைப் படித்துச் சொல்லவில்லை. குலாமுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

அன்றைக்கு நந்தனம் சிக்னலில் போலீஸ் வண்டியை மறித்தது. ஊரடங்கில் மதுக்கடை மூடியிருந்த நேரம். மீன்பெட்டி என்றதும் பாட்டில் இருக்கும் என்று சந்தேகம். ஐஸை ரோட்டில் கொட்டச் சொல்லிக் கிளறிப் பார்த்தார்கள். மேலதிகாரி வந்து டாக்டர் சீட்டைப் பார்த்து அனுப்புவதற்குள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் போயிற்று. மருத்துவமனைக்கு வந்தபோது, காலிப் பெட்டிக்குள் இருந்த குப்பிகளில் லேசான குளிர்ச்சி மிச்சமிருந்தது. வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளிலிருந்து ஏற்றினார்கள்.

இரண்டாம் நாளே கமர் ஜஹானுக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது. நான்காம் நாள் கால் வீங்கியது. டாக்டர் சாருலதா ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். “இந்த மருந்துல இவ்ளோ சீக்கிரம் ஆகாதே” என்றார். சர்க்கரையாக இருக்கலாம், பூஞ்சையே சிறுநீரகம் வரை போயிருக்கலாம் என்றார். பூஞ்சை பரவுகிறது என்றால் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். அதற்காகக் குலாம் மறுபடி வெள்ளைத்துரையிடமே இரண்டாம் தவணை வாங்கி, அதே மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்த முறை போலீஸ் நிறுத்தவில்லை. சைதாப்பேட்டைப் பாலம் காலியாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்து, குலாம் பெட்டியை மருந்தக மேஜையில் வைத்தார். மருந்தாளர் ஜெயபாரதி ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே இருந்த மஞ்சள் மருந்து சாயவில்லை. கல்லாக நின்றது.

“பாய், இதுல என்ன போட்டீங்க?”

“ஐஸும்மா. மேல கொஞ்சம் உப்பு. குளிர் நிக்கும்ல?”

“ஐயோ, இது உறையவே கூடாது பாய்! உறைஞ்சா தண்ணி ஊசி ஊசியா ஆயி அந்த உருண்டைங்களைக் கிழிச்சிடும். உள்ள இருக்கிற மருந்து மொத்தமும் வெளிய வந்துடும். அப்புறம் இதுக்கும் பழைய மருந்துக்கும் என்ன வித்தியாசம்?” அவள் குப்பியை மேஜையில் வைத்தாள். “நல்லவேளை, ஏத்தறதுக்கு முன்னாடி பார்த்தோம்.”

போன தவணை குலாமின் நினைவுக்கு வந்தது. போலீஸ் ஐஸைக் கொட்டச் சொன்னபோது குப்பிகளை அவர்தான் கையில் எடுத்தார். விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்று இருந்தன. பலே, சரக்கு ஜோராக இருக்கிறது என்றுதான் நினைத்தார். ஒன்றரை மணி நேர வெயில் அவற்றை உருக்கிவிட்டது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அவர் சொல்லாவிட்டால் இனியும் தெரியாது.

ஆனால் டாக்டர் பூஞ்சை என்று நினைத்து மருந்தைக் கூட்டப்போகிறார்.

“போன தபாவும் இப்டித்தான் கட்னேன்,” என்றார்.

ஜெயபாரதி போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சாருலதா வந்து, நின்றபடியே முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் குலாமுக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

“நல்லதாப் போச்சு, சொன்னீங்க. இல்லன்னா இன்னிக்கே டோஸைக் கூட்டியிருப்பேன். இப்ப உடனே டயாலிசிஸ் பண்ணணும். கிட்னி திரும்புமான்னு சொல்ல முடியாது. பூஞ்சைக்கு மருந்தையும் நிறுத்த முடியாது, நல்ல குப்பி வேணும்.”

கமர் ஜஹான் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். கால் ஓசையிலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

“மருந்து கெடச்சிதாங்க?”

“கெடச்சிது. நாந்தான் கெடுத்துட்டேன். முன்னாடி வந்ததையும்.”

உப்பு, ஐஸ், உறைந்த குப்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

“மீனுக்குப் போட்ட மாரியேவா?”

“ம்.”

“அல்லாவே. என்னையும் வெளியூருக்கு அனுப்பப் பாத்தீங்களா?” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கையைத் தொட்டபோது விலக்கவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வெளியே ஜெயபாரதி போனில் ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நுங்கம்பாக்கத்தில் எட்டுக் குப்பி இருப்பதாகத் தெரிந்தது. குலாம் வண்டிச் சாவியை எடுத்தார்.

“வேணாம் பாய்,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “எங்க ஆளையே அனுப்புறேன். நீங்க இங்கயே இருங்க.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போனார்கள். கதவு வரைதான் அவரை விட்டார்கள்.