பேரு செல்லாது

ஈரப் பஞ்சால் ஈனிட் கணவரின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தபோது, அவர் பார்வை அவள் சட்டையில் குத்தியிருந்த சீட்டில் போய் நின்றது. மகள் ரோனா பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக் குத்திய சீட்டு. முகங்கள் அப்பாவுக்குப் பிடிபடாமல் போனதும் தனக்கொன்று, அம்மாவுக்கொன்று என்று பெயரெழுதி வைத்திருந்தாள்.

"டைன்," என்றார் முர்டோ.

விருந்துண்பது என்று அர்த்தம். ரோனா துள்ளி எழுந்தாள். "பசிக்குதாப்பா? கஸ்டர்ட் கொண்டு வரட்டா?"

"பசி இல்லடி," என்றாள் ஈனிட். "என் பேரோட எழுத்தை மாத்திப் போட்டுப் பாக்குறார்."

"நைடு," என்றார் அவர்.

"ஃபெசன்ட் கோழியோட குஞ்சுக் கூட்டம்," என்று ஈனிட்டின் வாய் தானாகச் சொன்னது.

அவர்கள் குடித்தனமே அப்படித்தான் நடந்தது. துறைமுக ஊரான பிளஃபிலிருந்து பக்கத்து நகரம் இன்வர்கார்கில் வரை வண்டியோட்டிப் போய், தேவாலயக் கூடத்தில் எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் சேர்க்கும் ஆட்டம் ஆடுகிறவர் முர்டோ. அந்தப் பக்கத்தில் அவரை ஜெயிக்க ஆள் இல்லை. கியூ இருந்து யு இல்லாத சொற்கள், உயிரெழுத்து மட்டுமே கொண்ட சொற்கள் என்று கூட்டம் கூட்டமாக மனப்பாடம் செய்வார். அர்த்தம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும்போது முன்னறையிலிருந்து ஒரு சொல்லை எறிவார். அர்த்தம் தெரியாத சொல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு அகராதியைப் பார்த்துச் சொல்வாள். சூக் என்றால் சந்தை. காட் என்றால் ஏமன் நாட்டில் மெல்லும் இலை. சாயங்காலத்துக்குள் அவர் மறந்துவிடுவார். அவளுக்கு மறக்காது.

மூளையில் கட்டி என்று தெரிந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் இரவல் கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் கரண்டி எதற்கு என்பது போயிருந்தது. மகள் யார் என்பதும் போயிருந்தது. எழுத்துகள் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

ஈனிட் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இன்னொண்ணு இருக்கே முர்டோ. அதே எழுத்துதான். ஈ, என், ஐ, டி."

அவர் சீட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பேசும் அந்தப் பொறுமையான குரலில் சொன்னார்:

"அது வார்த்தை இல்லம்மா. ஆளு பேரு செல்லாது. நீங்க புதுசா ஆட வந்திருக்கீங்களா?"

ரோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஜலசந்திக் காற்று ஆளிச் செடிகளைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் ஈனிட். "புதுசுதான்."

"பரவால்ல. போகப் போகக் கத்துக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு இடைவெளி விட்டுவிட்டு வந்தது. சிப்பிப் படகுகள் துறைமுகத்துக்குத் திரும்பும் நேரத்தில், ஒரு இடைவெளி நீண்டு அப்படியே நின்றது.

அடக்கத்துக்குக் கூடம் நிறைய ஆள். கிளப்காரர்கள் சீஸ் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போட்ட பெரிய சொற்களைப் பற்றிப் பேசினார்கள். அவர் கண்ணுக்குக் கடைசிவரை தப்பியது ஒன்றும் இல்லை என்றார் ஒருவர். ஈனிட் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து முர்டோவின் குரல் வந்தது. பழக்கப்பட்ட சொல். கத்தியை நிறுத்தாமலே அர்த்தம் சொன்னாள். சொன்ன பிறகுதான் கை நின்றது.

வாசற்படியில் ரோனா நின்றிருந்தாள். "யாருகிட்டம்மா பேசுற?"

"யாருகிட்டயும் இல்ல."

தன் தலைக்குள் ஊறிப்போனது வெளியே கேட்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் வந்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள்தான். அதனால் பயம் வரவில்லை. வேலை நடுவே பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு காலை, தெரியாத சொல் ஒன்று வந்தது.

"எலாய்ன்."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அகராதியை எடுத்தாள். இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். இருந்தது. வெகு தூரத்துக்கு விலக்கிக் கொண்டுபோவது. எப்போதோ கேட்டு அவளே மறந்த சொல்லாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மறக்காதவள் என்று பேரெடுத்தவளுக்கு, தான் மறந்ததா, அவர் பேசுவதா, எது பயங்கரம் என்று புரியவில்லை. புத்தகத்தை மூடாமல் முன்னறை வாசல் வரை போனாள். அர்த்தத்தைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அடுத்தது வரும். அல்லது வராது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி ஆட்கள் இருவர் வந்து முன்னறையிலிருந்த இரவல் கட்டிலை மடித்துத் தூக்கிப் போனார்கள். சாமான்கள் பழைய இடத்துக்கு வந்தால் அம்மாவுக்கு நல்லது என்று ரோனா உடனே வாக்குவம் கிளீனரை இழுத்து வந்தாள். கம்பளத்தில் கட்டிலின் சக்கரங்கள் அழுந்திய நான்கு குழிகள் இருந்தன.

"பிரஷ்ஷால தேச்சா எழும்பிடும்மா," என்றாள் ரோனா.

"குழியை விட்டுட்டுச் சுத்தி மட்டும் தள்ளு."

ரோனா அவளைப் பார்த்தாள். இயந்திரத்தைத் தட்டிவிட்டு, ஓரத்தில் தொடங்கி, நான்கு குழிகளையும் தொடாமல் வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.